21 பட்டையில் டி.என்.ஏ.: நிஜ மரபணுத் துண்டை அளவோடு கட்டிப் படிக்க முழுமையான வழிகாட்டி

பள்ளிக் கண்காட்சிக்கு வரும் டி.என்.ஏ. மாதிரிகளில் பெரும்பாலானவை பார்க்க அழகாக முறுக்கிக்கொண்டு நிற்கும், படிக்க முடியாது. எந்த இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, இடையில் என்ன எழுத்துகள் என்று கேட்டால் செய்தவரே விழிப்பார். முதலில் கம்பியை முறுக்கிவிட்டு, பிறகு கையில் கிடைத்த நிறத்தை இடையில் ஒட்டுவதுதான் இதற்குக் காரணம். இங்கே வரிசை வேறு: முதலில் எழுத்து, அடுத்து திசை, பிறகு அளவு. முறுக்கு கடைசியில்.

கட்டப்போவது மனித பீட்டா குளோபின் மரபணுவில் புரதக் குறியீடு தொடங்கும் முதல் 21 எழுத்துகள். ஹீமோகுளோபினின் ஒரு பாதி இந்த மரபணுவிலிருந்து வருகிறது. 21 என்பது மூன்றால் வகுபடும், ஏழு குறியன்கள் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகள்) கிடைக்கும். சுருளிலும் சரியாக இரண்டு முழுச் சுற்று அடங்கும். பத்தாம் வகுப்புக்கு 9-ம் பகுதி வரை போதும். பிளஸ் டூ உயிரியல் எடுத்தவர்கள் மிச்சத்தையும் முடிக்க வேண்டும்.

1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

நியூக்ளியோடைடு என்றால் மூன்று துண்டு: டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் காரம். பாஸ்பேட் இல்லாமல் சர்க்கரையும் காரமும் மட்டும் இருந்தால் அது நியூக்ளியோசைடு. ஒரு மதிப்பெண் கேள்வியில் இந்த இரண்டும் அடிக்கடி இடம் மாறுகின்றன.

காரங்கள் நான்கு. அடினைன், குவானைன் இரண்டும் பியூரின்கள், இரட்டை வளையம். தைமின், சைட்டோசின் இரண்டும் பிரிமிடின்கள், ஒற்றை வளையம். இனி இவற்றை ஏ, ஜி, டி, சி என்று எழுதுவோம். ஏ எதிரே டி, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. ஜி எதிரே சி, மூன்று.

சர்க்கரையின் கார்பன் எண்கள் தெரியாமல் திசை புரியாது. ஐங்கோணத்தின் உச்சியில் ஆக்ஸிஜன். அதிலிருந்து கடிகாரத் திசையில் 1, 2, 3, 4 பிரைம் கார்பன்கள். 5 பிரைம் கார்பன் வளையத்துக்கு வெளியே, நான்காவதன்மேல் நிற்கும். காரம் 1 பிரைமில் இணையும். 2 பிரைமில் ஆக்ஸிஜன் கிடையாது, பெயரில் உள்ள ‘டிஆக்ஸி’ அதைத்தான் சொல்கிறது. ஒன்றின் 3 பிரைமையும் அடுத்ததன் 5 பிரைமையும் பாஸ்பேட் இணைக்கிறது. இதுவே பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு.

2. அளவுத்திட்டமும் வாங்க வேண்டியவையும்

பாடநூல் அளவுகள்: சுருளின் விட்டம் 2 நானோமீட்டர், ஒரு முழுச் சுற்று 3.4 நானோமீட்டர், சுற்றுக்கு 10 கார இணைகள், இரு இணைகளுக்கிடையே 0.34 நானோமீட்டர். ஒரு நானோமீட்டரை ஏறக்குறைய 6 செ.மீ. ஆக்கினால் விட்டம் 12 செ.மீ., இணைகளின் இடைவெளி 2 செ.மீ., சுற்று 20 செ.மீ. என்று கணக்கு முழு எண்ணாக வரும். விட்டத்தைக் கைக்கு வந்தபடி வைத்து உயரத்தை மட்டும் அளந்தால் மாதிரி ஒன்று ஒல்லியாக நீளும், இல்லையேல் குந்திக்கொள்ளும்.

வேலூர் லாங்கு பஜார் பக்கத்து ஸ்டேஷனரி, ஹார்டுவேர் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காட்டில் இருப்பவர்கள் இதற்காக வேலூர் வர வேண்டியதில்லை. வண்ண மீன் கடை ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

– 5 மி.மீ. தடிமன் சன்போர்டு, 30 × 30 செ.மீ. ஒன்று. ஏ4 அளவுத் துண்டும் போதும். கார இணைக்கு ஒன்றாக வெட்டப்போகும் 12 × 1.5 செ.மீ. பட்டைகள் அதில் 28 விழும்.
– 4 மி.மீ. தடிமன் இரும்புக் கம்பி, 50 செ.மீ.
– மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாய், உள்விட்டம் 4 மி.மீ., 40 செ.மீ.
– பிளாஸ்டிக் உறை போட்ட ஒற்றைக் கம்பி வயர், சிவப்பில் ஒரு மீட்டர், கறுப்பில் ஒரு மீட்டர். பல இழை கொண்ட நெகிழ் வயர் வேண்டாம், தொங்கிவிடும்.
– வயர் நுழையும் துளையுள்ள மணிகள் 40. வயரைக் கடைக்கே கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.
– நான்கு நிறச் சார்ட், தடித்த வெள்ளை அட்டை, ஃபெவிகால், 15 செ.மீ. சதுரப் பலகை ஒன்று.

மாதிரி 40 செ.மீ. உயரம்தானே என்று அரை மீட்டர் வயர் வாங்கி வருபவர்கள் அதிகம். சுருள் சாய்வாக ஓடுவதால் ஒரு சுற்றுக்கே சுமார் 43 செ.மீ. பிடிக்கும், இரண்டு சுற்றுக்கு 86. முனைகளுக்கும் சேர்த்து ஒரு மீட்டர் இல்லாமல் முடியாது.

தெர்மாகோல் பந்து, தெர்மாகோல் அடித்தளம் இரண்டையும் தவிருங்கள். உடனடிப் பசை பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். அடித்தளமாக வைத்தால் எடை போதாமல் மாதிரி சாயும். குளூ கன்னும் இந்த வேலைக்குச் சரிப்படாது. சூடான பசை சன்போர்டை உருக்கும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அது இறுக நேரமெடுத்து, அதற்குள் பட்டை நகர்ந்துவிடும்.

3. எழுத்து வரிசையைத் தாளில் எழுதுதல்

கத்தரிக்கோலைத் தொடும் முன் இரண்டு வரிகளையும் நோட்டில் எழுதுங்கள்.

குறியீட்டு இழை (புரதக் குறியீடு நேராக எழுதப்பட்டிருப்பது):
5 பிரைம் – ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி – 3 பிரைம்

வார்ப்புரு இழை (ஆர்.என்.ஏ. உருவாகப் படிக்கப்படும் எதிர் இழை):
3 பிரைம் – டிஏசி சிஏசி ஜிடிஏ ஜிஏசி டிஜிஏ ஜிஜிஏ சிடிசி – 5 பிரைம்

மேல்வரியை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு, கீழ்வரியை நீங்களே நிரப்பி, பிறகு ஒப்பிடுங்கள். மூன்று மூன்றாக இடைவெளி விட்டு எழுதுவது வசதிக்காகத்தான், நிஜ டி.என்.ஏ.யில் இடைவெளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை.

அடுத்து எண்ணுங்கள். குறியீட்டு இழையில் ஏ 4, டி 6, ஜி 6, சி 5. இரு இழையும் சேர்த்து ஏ 10, டி 10, ஜி 11, சி 11, மொத்தம் 42. இந்த எண்ணிக்கை வராவிட்டால் கீழ்வரியில் பிழை இருக்கிறது, மேலே போக வேண்டாம்.

சார்காஃப் விதி இங்கே கண்ணுக்கு எதிரே நிற்கிறது. ஏயும் டியும் சமம் என்பது இரட்டை இழைக்குத்தான். மேல் இழையை மட்டும் எடுத்தால் ஏ 4, டி 6, சமமில்லை. ஓரிழையின் விகிதத்தைக் கொடுத்து மற்றதைக் கேட்கும் கணக்குகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்.

4. முறுக்குக்கு முன் தட்டையான ஏணி

21 கட்டம் போட்ட ஒரு தாளில் ஏணி போல வரையுங்கள். மேலே 1, கீழே 21. இடப்பக்கம் குறியீட்டு இழை, உச்சியில் 5 பிரைம். வலப்பக்கம் வார்ப்புரு இழை, உச்சியில் 3 பிரைம்.

இருபுறமும் சர்க்கரை ஐங்கோணங்களை வரையும்போது ஒரே விதிதான்: ஆக்ஸிஜன் உச்சி அந்த இழையின் 5 பிரைம் முனையைப் பார்க்கும். அப்படியானால் இடப்பக்கத்து ஐங்கோணங்கள் நிமிர்ந்தும் வலப்பக்கத்தவை தலைகீழாகவும் நிற்கும். எதிரிணை (இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவது) என்ற சொல்லை மனப்பாடம் செய்தவர்கள்கூட இருபுறமும் நிமிர்ந்த ஐங்கோணம் வரைந்துவிடுகிறார்கள். பெயர்க்குறி சரி, படம் தப்பு.

இந்தத் தாள் வேலை முடியும்வரை மேசைமேல் இருக்கட்டும். இனி ஒவ்வொரு பட்டையும் இதைப் பார்த்துத்தான் உருவாகும்.

5. பட்டைகளை வெட்டி நிறம் ஒட்டுதல்

சன்போர்டில் 12 × 1.5 செ.மீ. பட்டைகள் 24 வெட்டுங்கள், மூன்று உபரி. கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல் இரண்டு மூன்று முறை இழுத்தால் விளிம்பு பிசிராது.

பட்டையின் இரு முனைகளிலும் ஒரு செ.மீ. வெறுமையாக விடுங்கள், அது சர்க்கரைக்கு. நடுவில் மிஞ்சும் 10 செ.மீ.யில் பியூரினுக்கு 6, பிரிமிடினுக்கு 4. ஐந்து ஐந்தாகப் பிரிக்கக் கூடாது. பியூரின் நீளம், பிரிமிடின் குட்டை, இரண்டும் சேர்ந்தால்தான் எப்போதும் ஒரே அகலம். இரண்டு பியூரின்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள், 12 செ.மீ. ஆகி முனைக்கே இடமிருக்காது; இரண்டு பிரிமிடின்கள் என்றால் 8-ல் நின்றுவிடும். சுருளின் விட்டம் எங்கும் 2 நானோமீட்டராகவே இருப்பதற்கான விளக்கத்தை இந்த 6, 4 பிரிப்பு காட்டிவிடும். சமமாக வெட்டியவரிடம் ஏயும் ஜியும் ஏன் இணையக்கூடாது என்று கேட்டால் பதில் இருக்காது.

நிறம் உங்கள் விருப்பம். ஏ சிவப்பு, டி பச்சை, ஜி மஞ்சள், சி நீலம் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீழ் இரு முகத்திலும் ஒட்ட வேண்டும், கீழிருந்தும் பார்ப்பார்கள். ஆக, சிவப்பில் 6 செ.மீ. துண்டு 20, மஞ்சளில் 22. பச்சையில் 4 செ.மீ. துண்டு 20, நீலத்தில் 22. எழுத்தையும் இரு முகத்திலும் எழுதுங்கள். இரு நிறம் சந்திக்கும் கோட்டின்மேல் ஏ–டி பட்டைக்கு இரண்டு சிறு கோடு, ஜி–சி பட்டைக்கு மூன்று. இவை ஹைட்ரஜன் பிணைப்புகள்; 10 பட்டைக்கு 20, 11 பட்டைக்கு 33, மொத்தம் 53.

ஒவ்வொரு பட்டைக்கும் எண் எழுதி, குறியீட்டு இழை வரும் முனையில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இதை விட்டுவிட்டால் 7-ம் பகுதியில் அத்தனையும் குழம்பும்.

துளை பட்டையின் நடுவில், அதாவது முனையிலிருந்து 6 செ.மீ.யில். இரு நிறம் சேரும் கோட்டில் அல்ல. துளை பியூரின் பக்கத்தில் ஒரு செ.மீ. உள்ளே விழும். கோட்டில் துளையிட்டால் சுருள் ஒருபக்கம் வயிறு தள்ளும். துளையைக் கம்பியைவிடச் சற்றுச் சிறிதாகக் குத்துங்கள், பட்டை பிடித்து நிற்கும். முனைகளில் வயர் உட்காரச் சிறு ‘வி’ வெட்டு, வயரின் தடிமனைவிடக் கொஞ்சம் குறுகலாக.

6. கோணத் தட்டு

அட்டையில் 8 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வெட்டி, கோணமானியால் 36 டிகிரிக்கு ஒரு கோடாகப் பத்துக் கோடு போடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 0 முதல் 9 வரை எண் எழுதுங்கள். திசையைத் தப்பாக எழுதினால் சுருளே மாறிவிடும்.

பலகையின் நடுவில் 4 மி.மீ. துளையிட்டுக் கம்பியை நிறுத்தி, வட்டத் தட்டைக் கம்பியின் அடியில் பலகைமேல் ஒட்டுங்கள். கம்பி செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தெரியாது.

கண் மதிப்பில் திருப்பினால் என்ன? முதல் ஐந்து பட்டைக்கு ஒன்றும் தெரியாது. பட்டைக்கு 5 டிகிரி பிசகினால் பத்தாவதில் 50 டிகிரி தள்ளிப்போயிருக்கும், சுற்றுக்கு 10 இணை என்ற கணக்கு அங்கே உடைந்துவிடும்.

7. பட்டைகளைக் கோர்த்தல்

உச்சியில் 1 வர வேண்டும் என்பதால் முதலில் இறங்குவது 21. அதன் கறுப்புப் புள்ளி 0 கோட்டுக்கு நேராக. பிறகு ஒரு குழாய்த் துண்டு, அடுத்து 20-ம் பட்டை, புள்ளி 1-ம் கோட்டுக்கு நேராக. இப்படியே ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கோடு நகருங்கள். உயரம் கூடக்கூட மூலைமட்டத்தைத் தட்டின் கோட்டில் நிறுத்தி, அதன் செங்குத்து விளிம்போடு புள்ளியைச் சேர்த்துப் பார்ப்பது எளிது.

குழாய்த் துண்டின் நீளம் ஒன்றரை செ.மீ. மட்டுமே, மொத்தம் 20 துண்டு. இடைவெளி 2 செ.மீ. என்பதில் பட்டையின் அரை செ.மீ. தடிமனும் அடக்கம். அதைக் கழிக்காமல் 2 செ.மீ. துண்டு போட்டால் சுற்று 25 செ.மீ. ஆகிவிடும், முடிவதற்குள் கம்பியும் தீர்ந்துவிடும். சரியாகப் போட்டால் அடியிலிருந்து உச்சி வரை 40.5 செ.மீ.

ஐந்தாவது திருப்பத்துக்குப் பிறகு பட்டை பழைய திசைக்கே இணையாக வந்து நிற்கும், ஆனால் முனைகள் இடம் மாறியிருக்கும். புள்ளி வைக்காதவர்கள் இங்கே பட்டையை எதிர்மாறாகச் செருகி, இழையை நடுவழியில் முறித்துவிடுகிறார்கள்.

21, 11, 1 ஆகிய மூன்றும் முடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில், புள்ளிகள் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இருந்தால் எல்லாத் துளையின் அடியிலும் ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டு ஓரிரவு காயவிடுங்கள். 20-ம் பட்டைக்கு மட்டும் பசை வேண்டாம். அதற்கு 11-ம் பகுதியில் வேலை இருக்கிறது.

நடுக்கம்பி நம் வசதிக்குப் போட்ட தாங்கி. டி.என்.ஏ.யில் அப்படி ஒன்று கிடையாது. ‘தாங்கி’ என்று சீட்டெழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதையும் படத்தில் வரைந்து வருவார்கள்.

8. சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பு

மணிகளை முதலில் கோருங்கள். சிவப்பு வயரில் 20, கறுப்பில் 20, எல்லாவற்றையும் மேல்முனைக்குத் தள்ளி வையுங்கள். வயரை இருபுறமும் பொருத்தி முடித்த பிறகு மணியைக் கையில் எடுத்தால் நுழைக்க வழியில்லை, முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

சிவப்பு வயர் குறியீட்டு இழைக்கு. 21-ம் பட்டையின் புள்ளி முனையில் ‘வி’ வெட்டில் அழுத்தி, ஒரு மணியைக் கீழே இறக்கி, 20-ம் பட்டையின் புள்ளி முனைக்குப் போங்கள். ஒரு சர்க்கரையிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 4.2 செ.மீ. வரும், மணி அதன் நடுவில் நிற்கட்டும். கறுப்பு வயர் புள்ளியில்லாத முனைகள் வழியே.

பக்கத்துக்கு ஒரு செ.மீ. உள்ள ஐங்கோணங்கள் 42 வெட்டி, உச்சியில் ‘ஆ’ என்று எழுதி, வயரின்மேல் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டுங்கள். சிவப்பில் உச்சி மேல்நோக்கி, கறுப்பில் கீழ்நோக்கி. 20-ம் பட்டை முனைகளில் ஐங்கோணத்தை வயரில் மட்டும் ஒட்டுங்கள், பட்டையில் பசை படக்கூடாது.

நான்கு முனைகளுக்கும் சீட்டு: சிவப்பு மேலே 5 பிரைம், கீழே 3 பிரைம், கறுப்பு மேலே 3, கீழே 5.

இப்போது எண்ணுங்கள். சர்க்கரை 42, மணி 40. ஏன் இரண்டு குறைவு? ஓர் இழையில் 21 நியூக்ளியோடைடுகளை இணைக்க 20 பாஸ்போடைஎஸ்டர் பிணைப்புதான் வேண்டும். 5 பிரைம் முனையில் தனியாக நிற்கும் பாஸ்பேட்டையும் காட்ட விரும்பினால் இழைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

9. சுருள் சரியா என்று பார்த்தல்

மாதிரியை எதிரே நிறுத்துங்கள். உங்கள் பக்கம் தெரியும் வயர் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறினால் அது வலக்கைச் சுருள், சரி. சந்தேகம் வந்தால் ஒரு மர ஸ்குரூவைப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டின் சாய்வும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

மாறிப்போயிருந்தால் மாதிரியைத் தலைகீழாக்கிப் பயனில்லை. வலக்கைச் சுருள் எப்படிக் கவிழ்த்தாலும் வலக்கைச் சுருள்தான், இடக்கையும் அப்படியே. தட்டின் எண்களைத் திருத்தி மறுபடி கோர்ப்பதைத் தவிர வழியில்லை.

கண்காட்சிப் பதாகைக்குப் படம் எடுக்கும்போது செல்ஃபி கேமரா வேண்டாம். பல ஃபோன்கள் அதில் கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கும். சரியாகக் கட்டிய சுருள் படத்தில் இடக்கையாக வரும். வலைத்தளங்களிலும் விளம்பரங்களிலும் இடக்கை டி.என்.ஏ. படங்கள் ஏராளம் உலவுகின்றன, அவற்றைப் பார்த்துத் திருத்தப் போகாதீர்கள்.

இந்த மாதிரியில் ஒரு குறை உண்டு. பட்டை நேராக நடுவழியே போவதால் இரு பள்ளங்களும் சம அகலமாகத் தெரியும். நிஜத்தில் பெரும்பள்ளம், சிறுபள்ளம் என்று இரண்டும் வேறுபடும். நடுவர் கேட்டால் மழுப்பாமல் இப்படியே சொல்லுங்கள்.

10. மரபணுவாகப் படித்தல்

படியெடுத்தலில், அதாவது டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாகும்போது, படிக்கப்படுவது வார்ப்புரு இழை, நம் மாதிரியில் கறுப்பு. அதன் 3 பிரைம் முனையிலிருந்து 5 பிரைமை நோக்கி நொதி நகர, ஆர்.என்.ஏ. 5 பிரைமிலிருந்து வளரும். நம் மாதிரியில் மேலிருந்து கீழ். டி வரும் இடத்தில் யுராசில், அதாவது யு.

தூது ஆர்.என்.ஏ.: ஏயுஜி ஜியுஜி சிஏயு சியுஜி ஏசியு சிசியு ஜிஏஜி.

குறியன் அட்டவணையில் தேடினால் மெத்தியோனைன், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனைன், புரோலைன், குளுட்டாமிக் அமிலம்.

விடை பிசகினால் எங்கே பிசகியது என்பதை முதல் மூன்று எழுத்தே சொல்லும். யுஏசி என்று தொடங்கினால் சிவப்பு இழையை வார்ப்புருவாக எடுத்திருக்கிறீர்கள். ஜிஏஜி யுசிசி என்று தொடங்கி ஜியுஏ-வில் முடிந்தால் இழை சரி, கீழிருந்து படித்திருக்கிறீர்கள். இரண்டாவது பிழை கண்ணில் படாது, ஏனென்றால் ஜிஏஜி நிஜமான ஒரு குறியன்தான்.

11. எழுத்து மாறினால் என்ன ஆகும்

பசை போடாத 20-ம் பட்டையை மெல்ல வயரிலிருந்து விடுவித்து, கம்பியைச் சுற்றி 180 டிகிரி திருப்பி மறுபடி வயரில் அழுத்துங்கள். சிவப்புப் பக்கம் இருந்த ஏ கறுப்புக்குப் போய், டி சிவப்புக்கு வந்துவிட்டது.

அகலம் மாறவில்லை. ஹைட்ரஜன் பிணைப்பு 53-தான். நான்கு எழுத்தின் மொத்த எண்ணிக்கையும் அப்படியே. ஆனால் ஜிஏஜி இப்போது ஜியுஜி. குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வாலின். அரிவாள் செல் இரத்தசோகைக்கு மூலம் இந்த ஒரே மாற்றம்தான். தமிழ்நாட்டில் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் நோய்.

பாடநூல் ஆறாவது இடம் என்கிறது, மாதிரியில் எண்ணினால் ஏழாவது. இரண்டும் சரி. தொடக்க மெத்தியோனைன் புரதம் உருவாகும்போதே வெட்டப்பட்டுவிடும், அதை விட்டு எண்ணுவது வழக்கம்.

இன்னும் இரண்டைத் தாளிலேயே செய்யலாம். நான்காவது குறியன் சியுஜி; கடைசி எழுத்தை எப்படி மாற்றினாலும் லியூசின்தான். அடுத்து, நான்காவது எழுத்தான ஜி-யை நீக்கிவிட்டு மிச்சத்தை மூன்று மூன்றாகச் சேருங்கள்: ஏயுஜி யுஜிசி ஏயுசி யுஜிஏ. மெத்தியோனைன், சிஸ்டீன், ஐசோலியூசின், அதோடு நிறுத்தம். 146 அமினோ அமிலம் வர வேண்டிய புரதம் மூன்றாவதிலேயே நின்றுபோகிறது. ஓரெழுத்து மாறுவதைவிட ஓரெழுத்து விழுவது ஏன் பெரும்பாலும் மோசம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு பாடப் புத்தகத்தில் கிடைப்பது அரிது.

12. துண்டு, மரபணு, குரோமோசோம்

‘இது பீட்டா குளோபின் மரபணு’ என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். இது அதன் முதல் எக்ஸானில், அதாவது தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் பகுதியில், ஒரு துண்டு. முழு மரபணு சுமார் 1,600 இணைகள். மூன்று எக்ஸான், இடையில் வெட்டி நீக்கப்படும் இரண்டு இன்ட்ரான். படியெடுத்தலைத் தொடங்கி வைக்கும் ஊக்குவிப்பான் ஏடிஜிக்கு முன்னால், நம் மாதிரிக்கு மேலே இருக்கிறது. அது புரதமாக மாறாது.

நம் அளவுத்திட்டத்தில், இணைக்கு 2 செ.மீ. வீதம், இந்த மரபணு 32 மீட்டர் நீளும். இது குட்டி மரபணு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியா ஏ என்ற இரத்தம் உறையாத நோய்க்கு நடந்த மரபணு சிகிச்சைச் சோதனை 2024-ல் செய்திகளில் வந்தது. அந்த நோயில் பழுதாகும் எட்டாம் காரணி மரபணு எக்ஸ் குரோமோசோமில் சுமார் 1,87,000 இணைகள். மாதிரியாகக் கட்டினால் 3.7 கிலோமீட்டர், கோட்டையிலிருந்து காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பாதி வழியைத் தாண்டும். அதன் 26 எக்ஸான்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 9,000 இணைதான், 180 மீட்டர். சிகிச்சைக்கு இன்ட்ரான் நீக்கிய வடிவத்தைப் பயன்படுத்துவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

பீட்டா குளோபின் இருக்கும் 11-வது குரோமோசோம் சுமார் 13.5 கோடி இணைகள், 2,700 கிலோமீட்டர். காட்பாடியில் ரயில் ஏறி டெல்லி போனாலும் முடியாது.

13. தேர்வுத் தாளில் வரைதல்

முதலில் இரு இழைகளின் வளைவை வரைந்துவிட்டு உள்ளே படி போட்டால் ஒரு சுற்றுக்கு நான்கு படியோ ஆறு படியோதான் அடங்கும். மாற்றிச் செய்யுங்கள். பென்சிலில் ஒரு நடுக்கோடு போட்டு, அரை செ.மீ.க்கு ஒன்றாகப் பத்துப் புள்ளி வைத்து, இரு வளைவும் முதல் புள்ளிக்கும், பத்தாவதுக்கு அடுத்த இடத்துக்கும் இடையில் ஒரு சுற்று முடியும்படி வரையுங்கள். நடுக்கோட்டை அழித்துவிடுங்கள்.

முன்னால் வரும் இழையைத் தொடர்ச்சியாகவும், பின்னால் போவதைக் குறுக்கிடும் இடத்தில் விட்டும் வரைந்தால்தான் சுருள் தெரியும். குறிக்க வேண்டியவை: நான்கு முனைகளில் 5, 3 பிரைம், 0.34, 3.4, 2 நானோமீட்டர். ஓர் ஏ–டி, ஒரு ஜி–சி இணை. சர்க்கரை, பாஸ்பேட், ஹைட்ரஜன் பிணைப்பு. ஆங்ஸ்ட்ரோமில் எழுதுவதென்றால் 3.4, 34, 20. இரு அலகையும் ஒரே படத்தில் கலந்து ‘3.4’ என்று அலகில்லாமல் விடுவதால் போகும் மதிப்பெண்தான் அதிகம்.

14. எடுத்துப் போவது

பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸில் காலை நேரக் கூட்டத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போக முடியாது. 50 செ.மீ. உயர அட்டைப்பெட்டியில் பலகை அடியில் இருக்க இறக்கி, நாலு பக்கமும் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுங்கள். படுக்கவைத்தால் பட்டைகள் தம் எடையிலேயே கம்பியில் சுழன்று கோணம் கலையும்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் 21, 11, 1 புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து 20-ம் பட்டை. பசையில்லாத அதுதான் வழியில் திரும்பியிருக்கும். சிவப்பு வயர்ப் பக்கம் ஏ இருக்க வேண்டும்.